முப்பது வரை எண்ணு

கேள்வியைக் கேட்டாயிற்று. இனி முப்பது எண்ணி முடிக்கும் வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. "இந்த லாட்டை நீ நிறுத்தி வச்ச காரணம் எனக்குப் புரியணும், சொல்லும்மா ஜாக்குலின்." ஆட்களிடம் பேச எனக்குச் சொல்லித்தருகிற வசுமதி மேடம் எழுதிக் கொடுத்த வாக்கியம், ஒரு சொல் பிசகாமல் கேட்டேன். ஏன் நிறுத்தினாய் என்று கேட்கக் கூடாதாம், ஏன் என்றாலே போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்குமாம், எனக்குப் புரியணும் என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்கு மூச்சு விட இடம் கிடைக்குமாம். விடட்டும். இரண்டு, மூன்று. விடுகிற மாதிரித் தெரியவில்லை. தரம் பார்க்கிற பெண் ஜாக்குலின், எலத்தகிரிக்காரி, நம்மிடம் வந்து ஆறு வருஷம், மேஜைமேல் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் சூப்பர்வைசர் நஞ்சுண்டன். ஏசி பதினெட்டில் ஓடுகிறது, அவனுக்கு மட்டும் மேலுதட்டில் வியர்வை. மூலையில் நாற்காலி போட்டு வசுமதி மேடம், மடியில் நோட்டு. "நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தலைக்கு மேலே உத்தரத்தில் பல்லி இருந்தால் இல்லை என்று நினைக்க முடியுமா, அது எப்போது விழும் என்றுதானே மனசு பார்க்கும். மணி மூன்று பத்து. வெளியே ஷெட்டில் டெம்போ நிற்கிறது. அதில் ஏற்ற வேண்டியது இந்த லாட், மொத்தம் எட்டாயிரம் பிரேக் கேம், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, பைக்கின் பின்சக்கரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு காலால் மிதித்தால் திரும்பிப் பிரேக் கட்டையை விரிக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. நாலு மணிக்கு டெம்போ கிளம்பினால் ஆறு மணி ஷிப்டுக்குப் பைக் கம்பெனி லைனில் சரக்கு இருக்கும். கிளம்பாவிட்டால் லைன் நிற்கும். லைன் நின்றால் புது மாடல் ஆர்டர் போச்சு, அதை நம்பி வாங்கிப் போட்ட இரண்டு மெஷினும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நிற்கும். இவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். காலையிலிருந்து போடவில்லை. கேட்டால் பேசவில்லை. ஏழு. எட்டு.

சும்மா இருப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்திரண்டு வயதில் பழைய இரும்பு ஏலத்தில் அடிபட்டுக் கற்றது அது. மூடிப்போன பட்டறையின் லேத் ஒன்றுக்குப் போய் நின்று ஒரு விலை சொன்னேன், அந்த ஆள் முகத்தைச் சுளித்தான், பயந்துபோய் நானே ஏற்றிச் சொன்னேன், அவன் கொட்டாவி விட்டான், மறுபடி நானே ஏற்றினேன், கடைசியில் என்னோடு நானே பேரம் பேசி நானே தோற்று அந்த லேத்தை வண்டி பிடித்துக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தால் உள்ளே பல்சக்கரம் பொடிப்பொடி. அன்றைக்குப் பூட்டிய வாய். விலையைச் சொல், நிறுத்து. எதிராளி தலையைச் சொறிவான், தண்ணீர் கேட்பான், பொண்டாட்டி ஆஸ்பத்திரியில் என்பான், அப்புறம் இறங்குவான். இந்த ஓசூரில் முப்பது வருஷமாக நான் இறக்காத ஆள் கிடையாது. அதனால் மூன்று மாதத்துக்கு முன்னால் முதல் வகுப்பில் மேடம், "மௌனத்துக்கு இடம் கொடுங்க, பேச வேண்டியவங்க பேசுவாங்க" என்றபோது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு, மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தரப் பெங்களூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்திருக்கிறது இந்த அம்மா. அந்த வாரமே போட்டுப் பார்த்தேன், மாதேஷிடம். மாதேஷ் என் மச்சான், மஞ்சுளாவின் தம்பி. ஃபர்னஸ் வைத்திருக்கிறான், நாம் கடைந்து அனுப்புகிற கேமை அவன்தான் சூட்டில் வைத்துக் கெட்டியாக்கித் தருவான். கூலியைக் குறை என்று நான் நினைத்த ரேட்டைச் சொன்னேன், நிறுத்தினேன். டீ வந்தது. "கரண்ட் பில்லு ஏறிப்போச்சு மாமா" என்றான். நான் பேசவில்லை. டீயில் ஆடை கட்டியது. "ஆளுங்க நிக்க மாட்டேங்கறாங்க மாமா." பேசவில்லை. ஆடையோடு சேர்த்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சரி மாமா, உங்க இஷ்டம்" என்று எழுந்து போனான். அடுத்த வகுப்பில் பெருமையாகச் சொன்னேன், மேடம் உங்க வித்தை பலிச்சிடுச்சு. அவர் பேனாவை மூடினார். "அவர் மனசுல என்ன ஓடிச்சுன்னு கேட்டீங்களா?" "கேட்டா ரேட் ஏறிடும் மேடம்." நான்தான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பதிமூன்று. பின்கழுத்திலிருந்து சூடு ஏறுகிறது, எனக்குத் தெரியும் இது, காதுக்கு வந்துவிட்டால் அப்புறம் நான் பொறுப்பில்லை. இந்தச் சுவரிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது, காலண்டரை மாட்டி மறைத்திருக்கிறேன், அளவு பார்க்கிற வெர்னியரை எடுத்து அடித்தது, ஆள்மேல் இல்லை, ஆளுக்கு ஒரு சாண் தள்ளி. ஆள்மேல் நான் எதையும் எறிந்ததில்லை. என்மேல் எறிந்திருக்கிறார்கள். முதல் பட்டறை மேஸ்திரி ஸ்பேனரால் விரல் முட்டியில் அடித்த அடி மழைக்காலத்தில் இன்றைக்கும் விரலை மடக்க விடாது. வலித்தால்தான் புத்தியில் ஏறும் என்பான். ஏறியது, இல்லையென்று சொல்ல மாட்டேன், ஆனால் புத்தியோடு அவனும் ஏறி உட்கார்ந்துகொண்டானோ என்னவோ, கோபம் வந்தால் என் தொண்டையில் அவன் குரல் வருகிறது. மேடத்திடம் இதைச் சொன்னேனா? சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும். கம்பெனி அனுப்பி வந்த ஆள் அவர். போன வருஷக் கடைசியில் சோதனைக்கு வந்த கம்பெனி ஆட்கள் நம் ஆபரேட்டர் ஒருவனை நிறுத்தி, மெஷினில் பிரச்சனை வந்தா யார்கிட்ட சொல்லுவே என்று கேட்டிருக்கிறார்கள், அந்த மகராசன் யோசிக்காமல் "யார்கிட்டயும் சொல்ல மாட்டோம் சார்" என்றிருக்கிறான். எல்லாவற்றுக்கும் நல்ல மார்க், அந்த ஒரு வரிக்காக எனக்கு வாத்தியார். ஐம்பத்திமூன்று வயதில். முதல் நாளே கேட்டேன், நான் சொல்றதையெல்லாம் கம்பெனிக்குப் போய்ச் சொல்லுவீங்களா. "இந்த ரூம்ல கேக்கறது என்கூடவே இருக்கும். வகுப்பு நடந்துச்சா இல்லையான்னு மட்டும்தான் சொல்லுவேன்" என்றார். நம்பினேனா, தெரியாது. எந்த வியாபாரி சரக்கு சொத்தை என்று சொல்லியிருக்கிறான்.

பதினேழு. ஒருவேளை மெஷின் உடைந்துவிட்டதோ. உடைந்திருந்தால் நஞ்சுண்டன் சொல்லியிருப்பான், உடைந்ததை மறைக்க முடியாது. அளவு தப்பியிருக்குமோ. அளவு தப்பினால் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறாள், அதற்கு எதற்குத் துணியில் கட்டி, பிணத்துக்குக் கட்டுகிற மாதிரி. பேசேன். பேசித்தொலையேன் தாயே. இரண்டு வாரமாக நான் எவ்வளவு நல்லவனாக இருந்தேன் தெரியுமா, காலையில் ஷெட்டுக்குள் போய் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் நிற்கிறேன், கத்துவதில்லை, "எப்படிப் போகுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன், மேடம் சொன்ன மாதிரியே கண்ணைப் பார்த்து. ஒருத்தன் பேசவில்லை. "நல்லாப் போகுது சார்" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துத் துடைத்ததையே துடைக்கிறான். அப்புறம் போன வியாழக்கிழமை கேன்டீன் பின்னால் கை கழுவப் போனபோது சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். "என்னாடா பெரிசு கத்தவே மாட்டேங்குது?" "கத்தினா வேலை இருக்குன்னு அர்த்தம்டா. இப்பப் பேசாம வந்து நின்னு பாக்குதுல்ல, யாருக்கோ சீட்டு கிழியப்போகுது." "யாருக்கு?" "யாருகிட்ட ரொம்ப நேரம் நின்னாரோ அவனுக்கு." கையில் சோப்பு நுரையோடு நின்றேன். கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம், வேறு என்னமோ வந்தது, இருட்டில் படி இல்லாத இடத்தில் கால் வைத்த மாதிரி. அதை மேடத்திடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, நினைத்து, சொல்லவில்லை. இருபத்தி நாலு. இருபத்தி ஆறு. ஐந்தைத் தாண்டிவிட்டேன், ஏமாற்றுகிறேன், யாரை ஏமாற்றுகிறேன். முப்பது.

முப்பதுக்கு அப்புறம் என்ன செய்வது என்று அவர் சொல்லித்தரவில்லை. மூலையில் பேனா அசையவில்லை. நோட்டில் இன்னொரு வாக்கியம் இருந்தது, ஞாபகம் வருகிறது, கூச்சமாக இருக்கிறது, கேட்கிறேன். "நான் என்ன பண்ணினா, உனக்குச் சொல்றதுக்கு வசதியா இருக்கும்?" என் குரலா அது, பல் டாக்டர் மாதிரி. ஜாக்குலின் கண்ணில் பொசுக்கென்று தண்ணீர். "என்னை வேலையை விட்டு எடுக்கறீங்களா சார்?" "யாரும்மா சொன்னது?" "இல்ல சார், நீங்க இப்படிப் பேசறீங்களே." நஞ்சுண்டன் குறுக்கே விழுந்தான். "சார், தப்பா நெனக்காதீங்க. அந்தப் பொண்ணு பயப்படுது. நீங்க ஒருதடவை கத்திட்டீங்கன்னா சொல்லிடும்." மேடம் தலை நிமிர்ந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. சூடு காதுக்கு வந்துவிட்டது, வந்ததே நல்லது என்று இருந்தது, மேஜையில் ஓங்கி ஓர் அடி, பேனா ஸ்டாண்டு உருண்டது. "டெம்போ வாசல்ல நிக்குது, மூணே கால் ஆகுது, ஆறு வருஷமா என் சோத்தைத் தின்னுட்டு எங்கிட்டயே பொட்டலம் கட்டி வெச்சிருக்கியா, பிரிச்சுக் காட்டுடி!" டி வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது. மூன்று மாத வகுப்பு அந்த ஓர் எழுத்தில் போச்சு. ஆனால் ஜாக்குலின் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள், சந்தேகமே இல்லை, தெம்பு வந்துவிட்டது அவளுக்கு, துணியைப் பிரித்தாள்.

நெடுக்குவாக்கில் அறுத்த கேம்கள். மூன்று ஜோடி. அறுத்த முகத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்து ஆசிட் காட்டியிருக்கிறாள், ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது, மாம்பழத்தை அறுத்தால் தோல் தெரிகிற மாதிரி. அவள் பேச ஆரம்பித்தாள், இப்போது நிறுத்த முடியாது போலிருந்தது. "மேல வச்சு அழுத்திப் பார்த்தா கெட்டியாத்தான் சார் காட்டுது, அதனாலதான் எல்லாமே பாஸ் ஆகிட்டு வந்துச்சு. நேத்து ஒண்ணு மட்டும் கொஞ்சம் கம்மியாக் காட்டுச்சு, சந்தேகப்பட்டு அறுத்துப் பார்த்தேன். கெட்டியான தோலு புள்ளி எட்டு மில்லி இருக்கணும் சார். புள்ளி அஞ்சுதான் இருக்கு. உள்ள எல்லாம் வெறும் இரும்பு. கொஞ்ச நாள் ஓடினா தோலு தேஞ்சிடும், அப்புறம் கேம் தேய ஆரம்பிச்சா மிதிக்கிற மிதி பிரேக்குக்குப் போகாது." மூன்று ஜோடி எதற்கு என்று கேட்டேன், கேட்கும்போதே தெரிந்துவிட்டது. "ஒவ்வொரு லாட்டுலயும் ரெண்டு பீஸ் எடுத்து வெப்போமில்ல சார். ஜூன் லாட்டு, ஜூலை லாட்டு, ரெண்டையும் எடுத்து அறுத்துட்டேன். அதுவும் இதே மாதிரிதான்." "மே?" "அதையும் அறுத்தேன், மே மாசம் வரைக்கும் சரியா இருக்கு சார், அதான் கொண்டு வரல." நஞ்சுண்டன் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான், "ஃபர்னஸ்ல நேரத்தைக் குறைச்சிருக்காங்க சார். உங்க வீட்டு ஆளுங்க, எங்க வாயால எப்படிச் சொல்றது."

மே மாசம் வரைக்கும் சரியாக இருக்கிறது. மே கடைசியில்தான் அந்த டீ. மூளை அந்த இடத்துக்குப் போகிறது, திரும்புகிறது, வேறு வழி இருக்கிறதா என்று முட்டிப் பார்க்கிறது, மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது, சுத்தியலால் அடித்தாலும் நகராத ஆணி. போனை எடுத்து மாதேஷைக் கூப்பிட்டேன், ஸ்பீக்கரில் போட்டேன், ஏன் போட்டேன், எல்லாரும் கேட்கட்டும் அவன் திருட்டுத்தனத்தை என்று. "சொல்லுங்க மாமா." "கேமை எவ்வளவு நேரம் சூட்டுல வெக்கறே?" ஃபர்னஸ் பர்னர் சத்தம் அவனுக்குப் பின்னால் கடல் மாதிரி. "அஞ்சு மணி நேரம் வெக்கணும் மாமா." "எவ்வளவு வெக்கறேன்னு கேட்டேன்." "ரெண்டு." "ஏன்டா டேய், பிரேக்குடா அது, மனுஷன் ஏறிப் போற வண்டிடா." "நீங்க சொன்ன ரேட்டுக்கு அவ்வளவுதான் மாமா வேகும்." கத்தவில்லை அவன், அழவும் இல்லை, கடையில் தராசைக் காட்டுகிறவன் மாதிரி சொன்னான். "அன்னைக்கே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?" "சொல்லலாம்னுதான் வந்தேன் மாமா. நீங்க ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க செவுத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தீங்க. அக்கா வீட்டுல சண்டை வேண்டாம்னு எந்திரிச்சு வந்துட்டேன்." வைத்துவிட்டேன். அவன் செய்தது அயோக்கியத்தனம், அதில் மாற்றமில்லை, இன்று சாயந்திரமே அவன் ஃபர்னஸ் முன்னால் நின்று கேட்கத்தான் போகிறேன். ஆனால் கரண்ட் பில் என்று அவன் சொன்னது பேரப் பேச்சு இல்லை, அவன் கரண்ட் பில்லைத்தான் சொன்னான். நான் பேரமாகக் கேட்டேன். எனக்குக் காது அப்படியே ஆகிப்போயிற்று, யார் என்ன சொன்னாலும் இறங்குகிறானா ஏறுகிறானா என்று மட்டும் கேட்கிற காது.

மூன்று இருபத்தைந்து. இதை நிறுத்தலாம், டெம்போவைத் திருப்பலாம், அது ஒன்றும் பெரிசில்லை, மெஷின் கோளாறு என்று சொன்னால் கம்பெனியில் இரண்டு நாள் குரைத்துவிட்டு விடுவார்கள். போன இரண்டு லாட்? அது போயாயிற்று. பதினாறாயிரம் கேம், பதினாறாயிரம் வண்டிக்குள், எந்த வண்டி எந்த ஊரில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாதது யாருக்குத் தெரியும். தேய இன்னும் வருஷம் பிடிக்கும். தேய்ந்தாலும் கட்டை போச்சு என்று மெக்கானிக் கட்டையைத்தான் மாற்றுவான். சொன்னால் பதினாறாயிரம் வண்டியையும் திரும்பக் கூப்பிட வேண்டும், அந்தச் செலவை என் தலையில் கட்டுவார்கள், இந்த ஷெட், அந்த இரண்டு மெஷின், நாற்பத்தைந்து பேர் சம்பளம். ஜாக்குலின் சம்பளமும் அதில்தான். தொப்பூர் மலை இறக்கம் எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது. கல்யாணமான மறுவருஷம் பைக்கில் பின்னால் மஞ்சுளாவை உட்கார வைத்து, அவள் மடியில் மூன்று மாதக் குழந்தை, சேலத்துக்குப் போனோம், முன்னால் ஒரு பார லாரி, பின்னால் ஒன்று, நடுவில் நாங்கள், காலை மிதித்துக்கொண்டே இறங்கினேன், கட்டை கருகுகிற வாசனை, மஞ்சுளா என் பனியனைச் சட்டையோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்திருந்தாள், "மெதுவாங்க, மெதுவாங்க" என்று என் முதுகுக்குள்ளேயே சொன்னாள். மிதித்தது, நின்றது. அந்த வண்டியின் கேமைச் செய்தவன் எவனோ, ஒழுங்காக அஞ்சு மணி நேரம் வைத்திருக்கிறான். அவன் முதலாளி அவனிடம் பேரம் பேசியிருப்பானா. பேசியிருப்பான். எல்லா முதலாளியும் பேசுவான். இவர்கள் இரண்டு பேரும் வெளியே சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள், நம் ஆட்கள். யாரிடமும் சொல்ல மாட்டோம் சார். மூலையில் இருக்கிற அம்மா? கம்பெனி காசில் வருகிறவர். இங்கே கேட்பது தன்னோடு இருக்கும் என்றாரே, இதுவும் இருக்குமா. அவர் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை என்றால் நான் இவ்வளவு யோசிப்பேனா, இல்லை, யோசிக்காமல் மூடியிருப்பேனா.

"வேடியப்பன் சார்." மேடம் எழுந்து நின்றிருந்தார், நோட்டை மூடிப் பைக்குள் போட்டுவிட்டார். "நான் வெளிய இருக்கேன். இது வகுப்பு இல்ல. ஆனா ஒண்ணு, இது உயிர் விஷயம், இதை என்கூட வெச்சுக்க என்னால முடியாது. நாளைக்குக் காலைல வரைக்கும் பார்ப்பேன்." "மிரட்டறீங்களா மேடம்?" "இல்ல சார். முன்கூட்டியே சொல்றேன். உங்ககிட்ட யாரும் சொல்றதில்லையே, அதனால." கதவு மூடியது. நன்றாகத்தான் விலை சொல்கிறது இந்த அம்மா. நாளைக் காலை வரை. அதற்குள் ஆளைப் பிடித்து, ஏதாவது பேசி, பழைய சரக்கில் கலந்துபோச்சு, எத்தனை என்று தெரியவில்லை, ஐந்நூறோ ஆயிரமோ என்று இறக்கி, பாதியில் முடித்து. முடிக்கலாம். எனக்கு வரும் அது. நஞ்சுண்டன் என்னைப் பார்க்கிறான். ஜாக்குலின் பார்க்கிறாள், இப்போது சட்டைப் பொத்தானை இல்லை, என் முகத்தை. ஆறு வருஷத்தில் இவள் என் முகத்தை நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை. சின்ன முகம், மூக்குக்குப் பக்கத்தில் அம்மைத் தழும்பு ஒன்று. யாரும் கேட்காமல், முதலாளி மச்சானின் வேலை என்று தெரிந்தும், பழைய துண்டுகளைத் தேடி எடுத்து அறுத்திருக்கிறது இந்தப் பெண், வேலை போகும் என்று தெரிந்தே அறுத்திருக்கிறது.

போன் அடித்தது. பரணிதரன், கம்பெனியில் சரக்கு எடுக்கிற மேனேஜர். எடுத்தேன். "என்ன வேடியப்பன், வண்டி கிளம்பிச்சா இல்லையா? ஆறு மணிக்கு லைன்ல சரக்கு இல்லேன்னா என் தலையை எடுத்துடுவாங்க." "கிளம்பலீங்க. கிளம்பாது. சூடு சரியா ஏறல, உள்ள தோல் பத்தல, நிறுத்திட்டேன்." அந்தப் பக்கம் கத்தினார், நான் கத்துகிற மாதிரியே, அதே வார்த்தைகள், அதே இடத்தில் மூச்சு வாங்குதல், போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக் கேட்டேன், இப்படித்தான் இருக்குமா இவர்களுக்கு, வார்த்தை ஒன்றும் உள்ளே போகவில்லை, சத்தம் மட்டும் வயிற்றில் விழுகிறது. கத்தி ஓய்ந்து, திடீரென்று குரலை இறக்கினார். பயந்திருக்கிறார். அவருக்கும் மேலே ஓர் ஆள் இருப்பான். "சரி விடுங்க, நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன். இந்த ஒரு லாட் மட்டும்தானே? முன்னாடி வந்ததுல ஒண்ணும் இல்லையே? இல்லைன்னு சொல்லிடுங்க வேடியப்பன், அப்படியே எழுதி முடிச்சுடறேன்." வழி திறந்து கிடந்தது. கேட்கிறவனே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், தலையாட்டினால் போதும், பேசக்கூட வேண்டாம். ஜாக்குலின் இமைக்கவில்லை.

"இல்லீங்க சார்" என்றேன். "ஜூன்ல வந்தது, ஜூலைல வந்தது, ரெண்டுமே முழுசா. ரேட்டை இறக்கினது நான்தான். தேதியெல்லாம் சொல்றேன், எழுதிக்குங்க."